காஜா பேராங்கில் ஒரு கதை வகுப்பு

தம்பினில் இறங்கியதும் மலாக்கா ரயில் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டேன். ஸ்டேஷன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரயிலா? தண்டவாளமே இல்லம்மா. பேத்து எடுத்துட்டுப் போய்ட்டான் ஜப்பான்காரன்" என்றார். எங்கே கொண்டு போனார்கள் என்றேன். வடக்கே கையை நீட்டி, "சயாமுக்கு" என்றார். கிளைப் பாதை இருந்த இடத்தில் சரளைக்கல் மட்டும் கிடந்தது. அதன் ஓரத்தில் யாரோ மரவள்ளி நட்டு வைத்திருந்தார்கள்.

என்னை அனுப்பிய ஜப்பான் பிரசார இலாகாவில் இது ஒருவனுக்கும் தெரியவில்லை. "தம்பினில் இறங்கு, மலாக்கா வண்டியில் ஏறு" என்று தேசப்படத்தில் விரலை வைத்துச் சொல்லி அனுப்பினார்கள். இல்லாத ரயிலில் என்னை ஏறச் சொன்னவர்களிடம்தான் ஊர் முழுக்கச் சோறு வாங்கித் தின்ன வேண்டியிருந்தது. அங்கேயே நின்று அவர்களை மனதார ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

யுத்தத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு நூலகத்தில் சிறுவர் பகுதி என் பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமை காலையில், பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வேன். கதை முடிந்ததும் அதில் வந்த ஆட்டுக்கோ ஆமைக்கோ உரிய முதல் எழுத்தை மணல் தட்டில் விரலால் எழுத வைப்பேன். ஊருக்கு சியோனான் என்று பேர் மாற்றியவர்கள் புத்தகங்களைப் பூட்டினார்கள். என்னைப் பூட்டவில்லை. ஊர் ஊராகப் போய் வாசகசாலைப் பணியாளர்களுக்குக் கதை சொல்லப் பழக்கு என்று ஒரு மரப்பெட்டியைத் தலையில் கட்டினார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன நாடக மேடை போல ஒரு மரச்சட்டம், அதற்குள் படம் வரைந்த அட்டைகள். ஓர் அட்டையை உருவினால் பின்னால் அடுத்த படம் தெரியும். ஜப்பானில் சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாகக் காட்டுவார்களாம். சாதனம் நல்ல சாதனம், அதை நான் ஒப்புக்கொள்வேன். கதைதான் குப்பை. ஒரு முயல் சிப்பாய் தீவுக்குப் போய் வெள்ளைக் கரடிகளை விரட்டும். பிறகு அந்தத் தீவின் அணில்களை வரிசையில் நிறுத்திக் குனிந்து வணங்கப் பழக்கும். அணில்கள் ஆனந்தக் கண்ணீர் விடும். நாலு வயதுப் பிள்ளைக்கு இதுதான் கதையாம்.

மலாக்காவுக்குக் கரிப்பஸ் கிடைத்தது. பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு உருளையில் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். சமதரையில் நடந்து போகிறவரை முந்தியது. மேடு வந்ததும் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். டிக்கெட் காசும் வாங்கிக்கொண்டு தள்ளவும் விடுகிற அநியாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் பக்கத்தில் மரவள்ளிக் கூடையோடு ஓர் எஸ்டேட்டுப் பெண் இருந்தாள். பெட்டியில் என்ன என்று கேட்டாள். பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்வது என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்க தோட்டத்துலயும் படம் காட்றோம்னுதான் கூப்புட்டான். ஓசிப் படம். ஆம்பளைங்க எல்லாம் குளிச்சுட்டு, சட்ட மாட்டிக்கிட்டுப் போனாங்க. உள்ள போனதும் கதவச் சாத்திட்டான். வெளிய லாரி நின்னுச்சு. என் வூட்டுக்காரரு போனவருதான்."

"எங்க கொண்டு போனாங்க?"

"சயாமுக்காம். ரயில் போடுறாங்களாம்."

தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவன் அதைப் போடுவதற்கு ஆளையும் பெயர்த்துக்கொண்டு போகிறான். மடியில் இருந்த பெட்டி கனத்தது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் காவல் சிப்பாய்க்கு எல்லோரும் இறங்கிக் குனிந்து வணங்க வேண்டும். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் குனிந்தேன். எனக்கு முன்னால் நின்ற சீனக் கிழவர் போதுமான அளவு குனியவில்லையாம், ஓர் அறை விழுந்தது. அவர் தொப்பி உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட யாருக்கும் துணிச்சல் இல்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். சிப்பாயின் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் குனிந்துகொண்டேன். பயத்தினாலா கோபத்தினாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் போக வேண்டியது மலாக்காவை ஒட்டிய காஜா பேராங், மலாயில் அதற்குக் கோபம் கொண்ட யானை என்று அர்த்தம். இப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு ஊர் அவ்வளவு அடக்கமாக இருந்தது. ஒரு பக்கம் கோயிலைச் சுற்றி மலாக்காச் செட்டிகளின் வீடுகள். பல தலைமுறைக்கு முன்பே வந்து, இங்கேயே பெண் கட்டி, இந்த மண்ணின் ஆட்களாகிவிட்டவர்கள். இன்னொரு பக்கம் தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்த நம் தமிழ்க் குடும்பங்கள். நடுவில் வாசகசாலை. அது பழைய ரப்பர் கிடங்கு. ஒரே கதவு, ஜன்னலெல்லாம் கம்பி. ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை.

வாசகசாலைக்குப் பொறுப்பு தணிகாசலம் கிராணி. முன்பு தோட்டத்தில் கணக்கெழுதியவர். இப்போது ஜப்பான்காரனுக்கும் தமிழர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிற வேலை. கையில் வாட்ச், காலில் சப்பாத்து. அவருக்குக் கீழே இரண்டு பணியாளர்கள். முனியாண்டி பேப்பர் அடுக்குவார், கூட்டுவார், கேட்பவர்களுக்குச் செய்தி வாசித்துக் காட்டுவார். லெட்சுமி செட்டிப் பெண். நெற்றியில் பொட்டு, உடம்பில் கெபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங். புத்தகங்களைக் கரையான் தின்னாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

லெட்சுமியிடம் நான் தமிழில் பேச, அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். முனியாண்டிதான் சொன்னார், "அவுங்களுக்குத் தமிழ் வராது டீச்சர். மலாய்தான்." இந்தியர்களுக்குத் தமிழில் கதை சொல்லப் பழக்கி வா என்று என்னை அனுப்பிய மேதாவிகளுக்கு இதுவும் தெரியவில்லை. நல்லவேளை, சிங்கப்பூரில் நாலு பாஷை காதில் விழாமல் மீன்கூட வாங்க முடியாது. நான் மலாய்க்கு மாறினேன்.

"எங்கள் கோயில் மணிக்குத் தமிழ் தெரியும். எங்களுக்குத் தெரியாது" என்றாள் லெட்சுமி. அவள் பேசியதெல்லாம் தமிழ்ச் சொற்கள் அங்கங்கே விழுந்த ஒரு மலாய். இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

தங்கியது அவள் வீட்டில். சாப்பாடு அவித்த சக்கரைவள்ளி, முருங்கைக்கீரை, அம்மியில் அரைத்த பெலாச்சான் சம்பல் என்கிற கூனித் துவையல். சிங்கப்பூரில் அந்த மாதங்களில் கருவாட்டுத் தலைக்கே அடிதடி. இங்கே கடல் பக்கத்திலேயே கிடந்ததால் கூனிப்பொடிக்குப் பஞ்சமில்லை. அந்தச் சம்பலின் காரத்தில் சக்கரைவள்ளியும் விருந்துச் சோறாக இறங்கியது. அன்று ஒருவேளை மட்டும் நான் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் பொழுது விடியும் முன்பே வகுப்பு. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். சூரியன் வருவதற்குள் கொட்டாவி விட்டுக்கொண்டு தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். சூரியனுக்கும் உத்தரவு போட முடியவில்லையே என்று ஜப்பான்காரர்களுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் முனியாண்டியைக் கதை சொல்லச் சொன்னேன். அவர் செய்தி வாசித்துப் பழகியவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகவே பொதுமக்களே!" என்கிற குரலில் முயலை ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகள் வீறிட்டு அழுதன. ஒன்று எழுந்து வாசலுக்கு ஓடியது.

"முனியாண்டி, நீங்க யாருக்குச் சொல்றீங்க?"

"எல்லாருக்கும்தான் டீச்சர்."

"எல்லாருக்கும் சொன்னா ஒருத்தருக்கும் கேக்காது. ஒரு பிள்ளையப் பாத்துச் சொல்லுங்க. பக்கத்துப் பிள்ளைக்குத் தன்கிட்ட சொல்லலையேன்னு பொறாம வரணும். அப்பதான் அது காதத் தீட்டும்."

அட்டையை அவசரமாக உருவக் கூடாது. பிள்ளையின் கண் படத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்த் திரும்பும் வரை கை அசையக் கூடாது. திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி இருக்க வேண்டும். மூன்றாவது தடவை அதைப் பிள்ளைகளே சொல்வார்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் முக்கியமானது மடி. கதை கேட்கும் சின்னப் பிள்ளை தன் சொந்த ஆளின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரடி வரும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு வயிறு இருந்தால் பிள்ளை கரடியைத் தைரியமாகப் பார்க்கும். இது என் முறை. சிங்கப்பூரில் இதற்காகத் தாய் தகப்பன்மார்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். முக்கியமாகத் தகப்பன்மார்கள். பிள்ளையைப் பெறத் தெரிகிறது, மடியில் வைக்கக் கௌரவக் குறைச்சல்.

அதைச் செய்துகாட்ட ஒரு தகப்பன் வேண்டும் என்றேன். கிராணி தானாகவே முன்வந்தார். அவர் மனைவி சரோஜா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, மகள் வசந்தாவைக் கொடுத்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டார். முதலில் பிள்ளையைக் கணக்குப் பெட்டி மாதிரிப் பிடித்திருந்தார். லெட்சுமி அட்டையை உருவினாள். அவள் குரல் மெல்லியது, ஆனால் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு மூச்சு வைத்திருந்தாள். கரடி வந்ததும் வசந்தா அப்பாவின் சட்டையைப் பற்றிக்கொண்டாள். அவர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருக்கே கரடி பயமோ என்று சரோஜா கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் கிராணி வந்தார். "துரைக்கு உங்க முறை ரொம்பப் பிடிச்சுப் போச்சு டீச்சர். செவ்வாக்கிழம பெரிசா ஒன்னு வைக்கச் சொல்லிட்டார். அப்பாமாருங்கதான் பிள்ளையத் தூக்கிட்டு வரணும். வர்ற ஆளுக்கு ஒரு டின் அரிசி."

வெள்ளைக்காரன் போனான், துரை மட்டும் போகவில்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருடம் நான் கெஞ்சியும் வராத தகப்பன்மார்களை ஓர் உத்தரவு கொண்டுவந்து உட்கார வைக்கப் போகிறது. லெட்சுமியும் முனியாண்டியும் வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். அரிசி என்றதும் எல்லோரும் சரி என்றார்கள்.

அடுத்த நாள் கிராணி துரை என்று சொன்ன அந்த ஜப்பான் அதிகாரி கூடத்தைப் பார்க்க வந்தான். நான் பெட்டியைத் திறந்து வைத்து நின்றேன். அவன் அட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கதவை வெளியே இருந்து சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, உள்ளே இருந்த எங்களைத் தள்ளிப் பார்க்கச் சொன்னான். நானும் முனியாண்டியும் தள்ளினோம். கதவு அசையவில்லை. வெளியே அவன் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பக்கத்துக் காலி இடத்தில் லாரி நிறுத்த வசதியாகச் செடியை வெட்டிவிடு என்று கிராணி முனியாண்டியிடம் சொன்னார்.

பஸ்ஸில் வந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. என் மடியை, நான் இத்தனை வருடமாகக் கட்டிக் காத்த முறையை, ஆள் பிடிக்கிற கண்ணியாக்கிவிட்டார்கள். பிள்ளை மடியில் இருந்தால் எந்தத் தகப்பனும் எழுந்து ஓட மாட்டான் என்று அந்தப் பாவி கணக்குப் போட்டிருக்கிறான்.

அதிகாரி போனதும் கிராணியை மறித்தேன். "கிராணியாரே, நேரா கேக்குறேன். லாரி எதுக்கு?"

அவர் வாசலைப் பார்த்தார். "மெதுவா டீச்சர்."

"படம் காட்டி ஆள் பிடிக்கப் போறீங்க. ஆமாவா இல்லையா?"

"நான் என்ன செய்றது? ஆள் குடு, ஆள் குடுன்னு நிக்கிறான். தோட்டத்துல ஆளே இல்ல. டவுன்ல காட்டலன்னா என்னையே ஏத்திருவேன்னுட்டான்."

"அதுக்குப் பிள்ளைங்கள மீனுக்குப் புழு வைக்கிற மாதிரி வைப்பீங்களா? உங்க வீட்டுலயும் ஒன்னு இருக்கே?"

"அதுக்காகத்தான் டீச்சர் செய்றேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. "நீங்க வாயத் தொறந்து யாரும் வராமப் போனா, வீடு வீடா வந்து இழுத்துட்டுப் போவான். அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கூட்டத்தை நிறுத்தவும் முடியாது, நடத்தவும் முடியாது. லெட்சுமியிடம் சொன்னேன். அவள் கணவனும் வருவதாகச் சொல்லியிருந்தான். அவள் கரையான் தட்ட எடுத்த புத்தகத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து சரோஜா உள்ளே வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வந்த வேகத்தில், "என்ன டீச்சர், கதைய செவ்வாக்கிழமையா வச்சிருக்கீங்க? ஆடிச் செவ்வாயாச்சே! நாங்க நோம்பு கும்புடணுமே. யாரு குறிச்சா இந்த நாள?" என்று சண்டைக்கு வந்தாள்.

"உங்க வீட்டுக்காரருதான்."

"அவருக்கு என்ன தெரியும், ஆம்பள" என்றாள்.

நோன்பைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடி, தை, மாசிச் செவ்வாய்களில் பெண்கள் மட்டும் கூடிக் கும்பிடுவது. ஆண் வாடையே ஆகாது. கைக்குழந்தையானாலும் ஆண் பிள்ளை உள்ளே வரக் கூடாது. உப்பில்லாமல் கொழுக்கட்டை செய்வார்கள். அதை ஆண்கள் தின்பது இருக்கட்டும், கண்ணாலும் பார்க்கக் கூடாது. மிச்சம் வைக்கவும் கூடாது. நோன்பு என்றைக்கு, எங்கே என்று வீட்டு ஆண்களிடம் பேச மாட்டார்கள். "செவ்வாக்கிழம வீட்டுப் பக்கம் தலை காட்டாத" என்று மட்டும் சொல்வார்கள். ஏன் என்று எந்தத் தமிழனும் கேட்க மாட்டான். கிராணி ஜப்பான்காரனின் காலண்டரைப் பார்த்து நாள் குறித்திருந்தார். ஆடி மாதம் அவர் நினைவில் இல்லை.

"சரோஜா, ஊரடங்குல ராத்திரி கும்புட முடியாது. சாயங்காலம் இந்தக் கூடத்துலயே வச்சுக்குவோம். பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கதையும் ஆச்சு, நோம்பும் ஆச்சு" என்றேன்.

"நல்ல ஐடியாவா இருக்கே டீச்சர்! இவர்கிட்ட மூச்சு விடமாட்டேன்" என்றாள் அவள். முகம் பூரித்துப் போயிற்று. நான் அவளிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

லெட்சுமிக்கு அவள் பாஷையில் விளக்கினேன். "எங்களுக்கு இந்த நோன்பு இல்லை. ஆனால் பெண்பிள்ளைகளைத்தானே கூப்பிடுகிறார்கள், நானும் பெண்பிள்ளைதான்" என்றாள். செட்டி வீடுகளுக்கு அவள் போனாள். மற்ற வீடுகளுக்கு சரோஜாவே ஓடி ஓடிச் சொன்னாள். லெட்சுமியைத் தவிர முனியாண்டியிடம் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். "என் மகளத்தான் மொதல் வரிசையில உக்கார வைக்கலாம்னு இருந்தேன் டீச்சர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் காஜா பேராங்கில் ஆண் வாடை இல்லை. முனியாண்டி செமாபோக் பக்கம் போனார். சிலர் மகன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு புக்கிட் பாரு தாண்டி ரப்பர் காட்டுக்குள் போனார்கள். போன எவரும் காரணம் கேட்கவில்லை. பெண்கள் அடுப்புச் சாம்பலும் தேங்காய் வாசமுமாகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அரிசி மாவுக்கு எங்கே போவது? மரவள்ளி மாவில் கொழுக்கட்டை பிடித்திருந்தார்கள். உப்புப் போடக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அந்த வருடம் பாதி வீட்டில் உப்பு இல்லை.

லெட்சுமி பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எல்லாச் சிறுமிகளுக்கும் புரியும் என்று மலாயில் ஆரம்பித்தாள். வசந்தா சரோஜாவின் மடியில் இருந்தாள். நான் கதவை உள்ளிருந்து சாத்தினேன். முயலைக் கரடி துரத்தும் அட்டையில் லாரிச் சத்தம் கேட்டது.

கதவு உதைபட்டுத் திறந்தது. அதிகாரி நின்றான். பெண்கள் ஒரே அசைவில் கொழுக்கட்டைச் சட்டிகளை முந்தானையால் மூடினார்கள். அவன் கண் வரிசை வரிசையாக ஓடியது. சேலை, சாரோங், சடை, ரிப்பன். லெட்சுமி கையை அசைக்காமல் அட்டையைப் பிடித்தபடி, குரல் மாறாமல், சொல்லிக்கொண்டே இருந்தாள். சொன்ன கதை அவன் இலாகா அச்சடித்த கதை. அதில் அவனால் என்ன குறை கண்டுபிடிக்க முடியும்? வந்த வேகத்திலேயே திரும்பினான்.

வெளியே ஓர் அறை விழும் சத்தம். பிறகு இன்னொன்று. "இல்லங்கய்யா, உள்ள நோம்பு, நான் உள்ள போகக் கூடாதுங்கய்யா" என்று, திறந்த கதவில் எங்களைப் பார்த்துவிட்ட கிராணியின் குரல் தமிழில் கேட்டது. ஜப்பான்காரனிடம் தமிழில் சொல்கிற அளவுக்கு அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது. லாரியின் பின்பலகை இறங்கியது, ஏறியது. வண்டி காலியாகத் திரும்பக் கூடாதாம்.

சரோஜா எழுந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். சட்டியிலிருந்து கை நிறையக் கொழுக்கட்டையை அள்ளி ஒரு வாழையிலையில் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். ஆண்கள் கண்ணில் படக் கூடாத பண்டம். யாரும் தடுக்கவில்லை. லாரி கோயில் முனை திரும்புகிற வரைக்கும் அவள் கையை நீட்டிக்கொண்டு ஓடியதை வாசலிலிருந்து பார்த்தேன். வாசற்படிக்குப் பக்கத்தில் கிராணியின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது.

ஊர் ஆண்கள் தப்பினார்கள். லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கிராணியைப் போய்க் காப்பாற்றியிருக்க வேண்டுமா, நன்றாக வேண்டும் என்று விட்டிருக்க வேண்டுமா? இரண்டில் எதை நினைத்தாலும் கோபம்தான் வந்தது. வசந்தா என் மடியில் திரும்பி உட்கார்ந்து, "கரடி அப்பறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்துக்கு சரோஜா வந்தாள். தலை வாரவில்லை. "உங்களுக்கு மொதல்லயே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அவருக்கு?"

"அவருக்கும் தெரியும்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அந்த இலைப் பொட்டலத்தை என் பெட்டியின் மேல் வைத்தாள். "தம்பின்ல ஆளுங்கள நிறுத்தி வச்சிருப்பாங்களாம். பாத்தா குடுத்துருங்க. நேத்து காலையிலேர்ந்து ஒன்னும் தின்னிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தம்பினில் அதே ஸ்டேஷன்காரர். ஆள் ஏற்றிய சரக்கு வண்டி விடியும்போதே வடக்கே போய்விட்டதாம். வாட்ச் கட்டி, சப்பாத்துப் போட்ட ஒருவர் இருந்தாரா என்று கேட்டேன்.

"இருந்தாரும்மா. நான் ஆளக் கூட்டிட்டு வர்றவன், ஏறுறவன் இல்ல, நான் கிராணி, நான் கிராணின்னு பாக்குற ஆளுகிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. யாரு கேக்குறா."

தெற்கே போகிற வண்டியில் ஏறினேன். பொட்டலத்தை வீசவும் முடியாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, மிச்சம் வைக்கவும் கூடாது. இலையைப் பிரித்தேன். கொழுக்கட்டை கல்லாகக் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றேன். உப்பே இல்லை.

எதிரில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா பலகாரம் அது?" என்றார்.

இலையை மூடிக்கொண்டேன். "ஆம்பளைங்க பாக்கக் கூடாது" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.